அஞ்சாம் நம்பர் இடம்

இல்ல ராஜகோபால் சார், வரமாட்டேன்னு நான் எப்ப சொன்னேன்? ரோஹிணி கல்யாணத்துக்கு வராம வேற எங்க போவப் போறேன். வரேன். போட்டோ எடுக்கறதுக்கு மட்டும் ஜெனியக் கூப்ட்டுக்கோங்கன்றேன், அவ்ளோதான். பல்லாவரத்துல சொந்தமா ஸ்டூடியோ வெச்சிருக்கு. கை சுத்தம், வேல சுத்தம். அந்தச் சேர் ஆடும் சார், இதுல உக்காருங்க. டீ சொல்லவா? சரி, சக்கர இல்லாம.

கோவம்லாம் ஒண்ணுமில்ல. பெரியவளுக்கு எடுத்த வெற்றிவேலு சின்னவளுக்கு ஏன் மாட்டேங்கறான்னு கேக்கறீங்க, நியாயம்தான். வேற எடத்துல ஒத்துக்கினேன்னு நெனைக்காதீங்க. அந்த முகூர்த்தத்துக்கு நான் சும்மாதான் இருக்கேன். ஒடம்புக்கு இன்னா, கல்லு மாதிரி இருக்கேன்.

சொல்றேன் சார். அந்தச் செவுத்துல பாருங்க, ஒரு பொண்ணு ஜன்னல் வெளிச்சத்துல நிக்குதே. நல்லா இருக்கா? எல்லாரும் அப்டித்தான் சொல்றாங்க. கீழ பிரேம் போட்டு மாட்டியிருக்கறது அதுக்குக் குடுத்த சர்டிபிகேட். முப்பது வருஷத் தொழில்ல நான் வாங்கின மொத சர்டிபிகேட்டு. என் சம்சாரம் கோகிலாதான் மாட்டினா. போறவன் வர்றவன்கிட்டல்லாம் காட்டிக்கினு இருக்கா.

இது ஆவணியில எடுத்தது. பொத்தேரி தாண்டி உள்ள ஒரு பழைய பங்களா. குரூப் மாடல் ஷூட்டுனு சொல்லுவாங்க. போட்டோகிராபருங்க இருபது பேரு ஒண்ணா சேந்து, மாடலுக்கு ஏற்பாடு பண்ணி, லைட்டு டிரெஸ்ஸு எல்லாம் ரெடியா வெச்சு, வரிசையா நின்னு எடுக்கறது. அந்த குரூப்ப நடத்தறதே ஜெனிதான். அண்ணா, கல்யாண மேடைய விட்டு ஒரு நாளாவது எறங்கி வாங்கண்ணான்னு இழுத்துக்கினு போச்சு. மாடல்னா நீங்க நெனைக்கற மாதிரி இல்ல சார். தீபான்னு பேரு, பேங்க் பரிச்சைக்குப் படிக்குது. காட்டன் பொடவ. அவங்கம்மா பக்கத்துலயே சேர் போட்டு உக்காந்துக்கினு வேர்க்கடல உரிச்சிக்கினு இருந்தாங்க.

ஏற்பாட்டுல ஒரு குறை சொல்ல முடியாது சார். வாசல்லயே கழுத்துல மாட்ட அட்ட. பேரு, நம்பர். அஞ்சஞ்சு பேரா பிரிச்சு, ஒரு ரூமுக்குப் பத்து நிமிஷம். தரையில டேப்பு ஒட்டி ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எழுதியிருக்கு. உன் நம்பர் எதுவோ அதுல நிக்கணும், கோட்டத் தாண்டக் கூடாது. அந்தப் பொண்ணத் தொடக் கூடாது, இப்டித் திரும்பு அப்டித் திரும்புன்னு கத்தக் கூடாது. ஜெனி ஓரமா நின்னு நம்பரச் சொல்லும். ஒண்ணுன்னா அந்தப் பொண்ணு ஒண்ணாம் நம்பரப் பாக்கும். ரெண்டுன்னா ரெண்டு. அவங்கவங்க மொறை வரும்போது அவங்கவங்க எடுத்துக்கலாம். பள்ளிக்கூடத்துல கூட இவ்ளோ ஒழுங்கு கெடையாது.

நம்ம கல்யாணத்துல எப்டி? மாப்பிள வூட்டு சித்தப்பா செல்போனத் தூக்கிக்கினு மேடையேறுவாரு, புரோகிதர் பொகையில மறைஞ்சிடுவாரு. நான் பாட்டுக்கு முழங்கையால ரெண்டு தள்ளு தள்ளிட்டு எனக்கு வேண்டிய எடத்துல போய் நின்னுக்குவேன். தள்ளாதவன் இந்தத் தொழில்ல சோறு துன்ன முடியாது. அங்க தள்ள முடியாதே. அதான் வினை.

எனக்கு அஞ்சாம் நம்பர். மூணாவது ரூம்ல அஞ்சாம் நம்பர் இடம் ஒரு தூணுக்குப் பின்னாடி. பெரிய தூணு, வலது பக்கத்த மொத்தமா அடைச்சிக்கிச்சு. வலதாண்ட சாஞ்சா தூணு, இடதாண்ட ஒரு அடி வெச்சா கோடு. கழுத்த மட்டும் இடது பக்கமா நீட்டி, இடது கண்ணால கேமராவுல பாத்தாத்தான் அந்தப் பொண்ணு. சரின்னு வாழ்க்கையில மொத தடவையா இடது கண்ண வெச்சேன்.

இருட்டு சார்.

லென்ஸ் மூடியக் கழட்டலன்னு நெனைச்சேன். முப்பது வருஷம் தொழில் பண்றவன், மூடியோட நிக்கறமேன்னு வெக்கமாப் போச்சு. யாருக்கும் தெரியாம வெரல விட்டுத் தடவிப் பாக்கறேன், மூடி இல்ல, வெரலு கண்ணாடிமேல படுது. கைரேகை வேற ஆயிடுச்சு. சட்டையால தொடச்சேன். பேட்டரியக் கழட்டி மாட்டினேன். மறுபடி வெச்சுப் பாத்தேன். அதே இருட்டு, ஒரு ஓரமா மட்டும் கொஞ்சம் வெளுப்பு. அதுக்குள்ள ஜெனி அஞ்சுன்னுது. அந்தப் பொண்ணு தூணாண்ட திரும்பி என்னயே பாத்துக்கினு நின்னுதாம். ஜெனி அப்பால சொல்லித்தான் தெரியும். என் மொறை போச்சு. ஆறாம் நம்பர் கெடையாது, திரும்ப ஒண்ணுலேந்து.

நாலாம் நம்பர்ல கேஷவ்னு ஒரு தம்பி, கம்ப்யூட்டர் கம்பெனியில வேல பாக்கறவரு. தம்பி, கேமரா செத்துப் போச்சு போல, கொஞ்சம் பாருங்கன்னு குடுத்தேன். அவரு வாங்கிப் பாத்துட்டு, நல்லாத்தான இருக்கு அங்கிள், சூப்பராத் தெரியுதேன்னாரு. எனக்கு இந்தத் தூணு சரியா வரல தம்பின்னு சொல்லி, அவரும் நானும் எடம் மாத்திக்கினோம். ஜெனியக் கேட்டுட்டுத்தான் சார். அங்க எல்லாத்துக்கும் கை தூக்கிக் கேக்கணும்.

நாலாம் நம்பர்லேந்து எடுத்ததுதான் நீங்க பாக்கறது. நாப்பது படம் எடுத்தேன். ஒண்ணுமே தோணல சார், கறிகாய் வாங்கற மாதிரி எடுத்துக்கினே இருந்தேன். அப்பால சாப்பாடு போட்டாங்க, தக்காளி சாதம், உருளக்கெழங்கு. நல்லா இருந்துச்சு, ரெண்டாவது தடவ கூட வாங்கினேன். கெளம்பும்போது ஆளுக்கு ஒரு பேப்பர் குடுத்து, குறை இருந்தா எழுதுங்கன்னாங்க. குறை ஒண்ணும் இல்லன்னு எழுதி கையெழுத்துப் போட்டேன்.

அன்னிக்கு எடுத்த படத்துக்கெல்லாம் அந்த குரூப்புல போட்டி வெச்சு, ரெண்டு வாரம் கழிச்சு சர்டிபிகேட். இந்தப் படத்தப் பாத்துட்டு போட்டிக்கு ஜட்ஜா இருந்தவரு போன்லயே கேட்டாரு, சுத்தி எல்லாத்தையும் இருட்டுல விட்டுட்டு மொகத்த மட்டும் நடுவுல வெச்சிருக்கீங்களே, இந்தத் துணிச்சல் எப்டி வந்துச்சுன்னு. சும்மா தோணிச்சு சார்னேன்.

கேமராவா? கேமராவுக்கு ஒண்ணுமில்ல சார். அதோ அலமாரியில இருக்கு, புதுசு மாதிரி இருக்கு. வலது கண்ண வெச்சா எல்லாம் தெரிஞ்சுது. இடது கண்ண வெச்சாத்தான் இருட்டு.

ஆமா. கண்ணுதான்.

ஷூட்டு முடிஞ்ச அடுத்த வாரமே கண்ணாஸ்பத்திரிக்குப் போய்ப் பாத்தேன். ஒரு பொட்டிக்குள்ள தலைய விடச் சொல்லி, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பட்டன அமுக்குன்னாங்க. நான் அமுக்கி அமுக்கி முடிச்சிட்டு நெறைய அமுக்கினோம்னு நெனைச்சேன். வெளிய வந்தா பேப்பர்ல பாதிக்கு மேல கறுப்பு. கண்ணுக்குள்ள பிரஷர் ஏறி நரம்பு செத்துப் போவுமாம். வலியும் இருக்காது ஒண்ணும் இருக்காது. இடது கண்ணு போயி ரெண்டு வருஷமாவது இருக்கும், இத்தன நாளு எப்டி உங்களுக்குத் தெரியலன்னு டாக்டர் என்னக் கேக்கறாரு. எப்டித் தெரியும்? இருவது வயசுலேந்து வேலைன்னா இடது கண்ண மூடிக்கினுதான நிக்கறேன். மூடின கண்ணுல இருட்டுதான இருக்கும்.

வலதும் ஓரம்லாம் போயிடுச்சு. நடுவுல நல்லாத் தெரியுது, உங்க மொகம் நல்லாத் தெரியுது. சொட்டு மருந்து ஊத்தறேன். இருக்கறத நிறுத்தி வெக்கும், போனது வராதுன்னு சொல்லிட்டாங்க. அந்த ஜட்ஜுகிட்ட இன்னான்னு சொல்றது சார். துணிச்சல் இல்ல, எனக்குத் தெரிஞ்சதே அவ்ளோதான்னு சொல்லவா?

நடுவுல தெரிஞ்சா போதுமே, தாலி கட்டறது நடுவுலதானன்னு கேக்காதீங்க. தாலி கட்டறத எவன் வேணா எடுப்பான் சார். பெரியவ கல்யாணத்துல அந்த நேரத்துல நீங்க மேடைக்கு ஓரமா போயி, துண்டால மூஞ்ச மூடிக்கினு நின்னீங்க. உங்க வூட்ல ஹால்ல மாட்டியிருக்கீங்களே அந்தப் படம், அது எப்டி வந்துச்சுன்னு நெனைக்கறீங்க? நான் உங்களப் பாக்கல. கண்ணு ஓரத்துல ஒரு வெள்ளைத் துண்டு அசைஞ்சுது, அப்டியே திரும்பி அமுக்கினேன். இப்ப ரோஹிணிக்குத் தாலி ஏறும்போது நீங்க அங்க போயி நின்னீங்கன்னா, எனக்கு நீங்க அங்க இல்ல. உங்க பொண்ணுக்கு அந்தப் படம் இல்லாமப் போவும். அதான் ஜெனின்னேன்.

அட, நீங்க ஏன் சார் எழுந்துக்கறீங்க, உக்காருங்க. டீ ஆறுது. கோகிலாவுக்கு இன்னும் சொல்லல. கண்ணு எரிச்சலுக்கு மருந்துன்னு சொல்லி வெச்சிருக்கேன். பைக்க மட்டும் வித்துட்டேன், தொப்பை கொறையட்டும்னு நடக்கறேன்னு நெனைச்சிக்கினு இருக்கா. உங்ககிட்டதான் மொதல்ல சொல்றேன். நீங்க காரணம் கேட்டுக்கினு இங்கயே உக்காந்துட்டீங்க, வேற இன்னா பண்றது.

கல்யாணத்துக்குக் கண்டிப்பா வரேன். பத்திரிகை மட்டும் குடுங்க. முடிஞ்சா முன்வரிசையில சரியா நடுவுல ஒரு சேர் போட்டு வைங்க, ஓரமா உக்கார வெச்சிடாதீங்க. பின்னாலேந்து எத்தன பேரு கத்தியிருப்பாங்க சார், யோவ் கேமரா, ஒதுங்குய்யா, பொண்ணுக்குத் தாலி கட்டறதப் பாக்க வேணாமான்னு. ஒரு நாளும் ஒதுங்கினதில்ல. ஒரு கல்யாணத்தக் கூட சேர்ல உக்காந்து பாத்ததில்ல. ஜெனிகிட்ட நீங்களே ஒரு வார்த்த சொல்லிடுங்க, அந்த நேரத்துல மட்டும் நடு சேருக்கு மறைக்காம நிக்கச் சொல்லி. நான் சொன்னா எதுக்குண்ணான்னு கேக்கும்.