கசிந்த இரண்டு ஜாயிண்ட்

— ஏசி டக்ட் முழுக்க சோப்புத் தண்ணி ஊத்திட்டேண்ணே. ரெண்டே ரெண்டு ஜாயிண்டுலதான் காத்து முட்டை வுடுது. மத்ததெல்லாம் கல்லு மாரி கீது!

— ரெண்டு ஒழுகினாலும் டெஸ்ட் போச்சுலே பரசுராமா. தகரத்துல சீலண்ட் பசை ஒட்டலைன்னு அர்த்தம்.

— ஒட்டலைன்னா பூசுன கைய கேளு யேசுராஜண்ணே. தொடைச்ச கைய இன்னாத்துக்கு கேக்குற?

— தூத்துக்குடி ஐஸ் பேக்டரி காலத்துல இருந்து பூசுதேன், ஒரு எடம் விட்டதில்ல பாத்துக்க. யாரு தப்புன்னு சூப்பர்வைசர் ராஜசேகர் சார் சாயங்காலம் கேப்பாரு. தொடைச்சது சரியில்லன்னா ஒனக்கு பர்மனென்ட் கெடையாது.

— தாராளமா சொல்லு. தின்னர் போட்டு பிசுக்க எடுத்தேன், வேற துணில ஈரத்த ஒத்துனேன், அப்பால வெரலே படல. என் தகரத்துல மூஞ்சி பாத்து தலை சீவலாம்!

— பிளேட எடுலே. சுரண்டிப் பாத்துருவோம்.

— சுரண்டு... ஐயே, வாழப்பழத் தோலாட்டம் உரிஞ்சினு வருதே!

— அடியில என்னலே மஞ்சளா? நடுவுல செவப்பு? ஏலே, என்னத்த வெச்ச?

— சந்தனம் குங்குமம்ண்ணே. ஆயுத பூஜ அன்னிக்கு ட்ரில்லுக்கு வெச்சேன், ஏணிக்கு வெச்சேன். மொத ஜாயிண்டுக்கு வெக்காம எப்டி?

— தொடைச்ச தகரத்துலயா! வெரலே படலன்னியே?

— அது சாமிக்கு வெச்சதுண்ணே. வெரல் கணக்குல சேராது.

— சவத்த, இனி உன் பேரத்தான் சொல்லணும். எனக்கு வேற வழி இல்லலே.

— பர்மனென்ட் ஆனாத்தான் பொண்ணுன்னு மண்ணூர்ல காவேரி வூட்ல சொல்லிட்டாங்கண்ணே. பரவால்ல, என் தப்பு, ஒத்துக்கறேன். ஆனா ரெண்டாவது ஜாயிண்டுக்கு நான் பொட்டே வெக்கல. அதையும் சுரண்டு.

— அது வேண்டாம்லே. ஒண்ணு பாத்தா போதும்.

— இன்னா வேணாம்? குடு பிளேட. த்தோ பாரு, மஞ்சளும் இல்ல, செவப்பும் இல்ல. வழவழன்னு... எண்ணெய்ண்ணே! நான் தொடைச்சிட்டுப் போனப்புறம் எவன் இதுல எண்ணெ தடவுனான்?

— நாந்தாம்லே. வேளாங்கண்ணி மாதா எண்ணெ. உனக்கு பர்மனென்ட் கெடைக்கணும்னு வேண்டிக்கிட்டு சிலுவை போட்டேன்.