இறக்கிய அம்பு

— நாலு அம்பும் பத்துக்குப் பத்து. கடைசி அம்பு. முழுசா இழுத்தவ, வுடாம அப்படியே எறக்கிட்டியே ஆர்த்தி! விழுப்புரம் கிரவுண்டே வாய்ப் பொளந்து பாத்துது.

— மெதுவா பேசுங்க மாமா. பஸ்ஸுல எல்லாம் திரும்பிப் பாக்குறாங்க.

— பாக்கட்டும். பக்கத்துல நின்ன சாருகிட்ட, அது என் வூட்டுக்காரின்னு சொன்னேன். எனக்குக் கை குடுத்துட்டுப் போனாரு.

— டைம் முடிஞ்சு அந்த அம்புக்கு முட்டை. ஸ்டேட் டீமும் போச்சு. இதுக்குக் கையா?

— பின்ன? நானா இருந்தா வர்றது வரட்டும்னு வுட்டிருப்பேன்.

— அதனாலதான் உங்க கையில வில்லு குடுக்குறதில்ல. விரலு வழுக்குது, அம்பு நாணுல நிக்கல. பக்கத்துல மூணு பொண்ணுங்க. தரையப் பாத்து எறக்காம என்ன பண்றது?

— பழைய நாணு நூல் பிரிஞ்சதுன்னு கடைசி அம்புக்குப் புதுசு மாட்டினியே, அதான் கெடுத்துது. திண்டிவனம் எறங்குனதும் அந்த நாண வித்த கடைக்காரனுக்குப் போன் போட்டுக் கிழிக்கிறேன்.

— அவரு என்ன பண்ணுவாரு? நாணு பூரா எண்ணெ.

— எண்ணெயா?

— மல்லாட்டை எண்ணெ, நம்ம செக்குல ஆட்டுற கடலெண்ணெதான். இப்பகூட விரலுல வாசன வருது, பாருங்க.

— நாணுக்குத் தடவுற மெழுகு தீந்துட்டுதுன்னு முந்தாநேத்து சொன்னியேம்மா. செக்குல கீலு, செருப்பு வாரு, எல்லாத்துக்கும் நாங்க அதத்தான் தடவுறது. பையில இருந்த புது நாணும் காயாம இருக்கட்டும்னு… ஒரு சொட்டுதான்.

— ஒரு சொட்டா? பஜ்ஜி சுடலாம் அதுல.

— அப்ப உன் எடத்தக் கெடுத்தது நான்தானா? ஜட்ஜம்மா உன்னத் தனியா கூப்ட்டாங்களே, என்ன கேட்டாங்க?

— நாணுல கை வெச்சது யாருன்னு.

— என்னச் சொல்லிட்டியா?

— நான்தான் தடவுனேன்னேன். அஜாக்கிரதைன்னு எழுதிக்கினாங்க.

— ஐயோ, ஏம்மா? நான் பண்ண பேஜாருக்கு உன் பேர்லயா எழுதணும்?

— உங்களச் சொன்னா, இனிமே மைதானத்துக்குள்ளயே சேக்க மாட்டாங்க. நீங்க எனக்குப் பின்னாடி நிக்கலன்னா எனக்குக் கை நடுங்கும்னு அவங்களாண்ட எப்படி மாமா சொல்றது?