கோடையைத் தின்னப் போனவர்

— ஏன் டீச்சர், இதுக்குப் போய் எதுக்கு முட்டை போட்டீங்க?

— உட்காருங்கம்மா முதல்ல. யாரோட நோட்டு இது?

— அந்தப் பொண்ணோடதுதான்... மூணாவது வரிசை, முன்பல்லு விழுந்தது.

— பேரு?

— மூத்த பிள்ளை பேரை எங்க ஹௌசா ஜனங்கள்ல எந்தத் தாய் வாயால சொல்லுவா? நீங்க நியாமே பட்டணத்துலருந்து இங்க வந்து ரெண்டு வருஷமாச்சு, இன்னுமா தெரியலை உங்களுக்கு?

— சரி சரி, அட்டையில இருக்கு. தல்லே. 'ஜனங்க ஏன் ஊரை விட்டுப் போறாங்க'ன்னு கேட்டேன். வேலை இல்லை, மழை இல்லைன்னு எழுதுவான்னு பார்த்தா... 'கோடையைத் தின்ன'ங்கறா!

— அதுல என்ன தப்பு?

— கோடை என்ன கம்பங்களியா, உருட்டி முழுங்க?

— ஐயோ, சிரிக்காதீங்க! எங்க ஹௌசா பேச்சுல அப்படித்தான். கம்பு அறுத்ததும் ஆம்பளைங்க தெக்கே வேலைக்குப் போவாங்க. முதல் தூறலுக்கு விதைக்க வந்துடுவாங்க. நடுவுல இருக்கற கோடையை அங்கயே தின்னு தீர்த்துட்டு...

— அடடா! நான் ஜெர்மா பாஷைக்காரி, எனக்கெங்க தெரியும்? கிண்டல் பண்றாளோன்னு நினைச்சுட்டேன்.

— அவளா? நாலு தடவை கூப்பிட்டா ஒரு தடவை 'ம்'ங்கறவ!

— கொடுங்க, முட்டையை அடிச்சுட்டு மார்க் போடறேன்... ம்... இது என்ன, பின்பக்கமும்...

— என்ன டீச்சர், முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு?

— ஒண்ணுமில்லை. மார்க் போட்டாச்சு. இந்தாங்க.

— நான் அதுக்கு மட்டும் வரலை... நாளைக்கு என்ன பாடம்?

— இதோட தொடர்ச்சிதான். போனவங்கள்ல சில பேரு ஏன் திரும்பறதில்லைன்னு.

— அதை விட்டுடுங்க.

— ஏன்?

— அவ அப்பா போயி ரெண்டு மழை வந்துட்டுப் போச்சு. 'இன்னும் கோடையைத் தின்னு முடிக்கலை'ன்னு சொல்லி வெச்சிருக்கேன்.

— நிஜமா எங்க இருக்காரு?

— தெக்கே, குமாசி பட்டணத்துல. வேற வீடு, வேற பெண்டாட்டி, ஒரு பையன்... லாரி டிரைவர் இசாக்கா வந்து சொன்னான்.

— பொண்ணு கேக்கறதில்லையா?

— சொன்னா நம்பிக்குவா. தெரிஞ்சா தாங்க மாட்டா. பாடத்தை விடுங்க. இல்லேன்னா நாளையிலருந்து அவளை அனுப்பமாட்டேன். ஆடு மேய்க்கட்டும்.

— அவசரப்படாதீங்க! இந்த வகுப்புலயே யோசிச்சு எழுதறவ அவ ஒருத்திதான்.

— யோசிக்கக் கூடாதுன்னுதானே சொல்றேன்!

— ...பாடத்தை நான் விட்டாலும் பிரயோஜனமில்லை.

— ஏன்? பின்பக்கம் என்ன எழுதியிருக்கா? படிங்க.

— அது எனக்கு எழுதினது.

— எனக்குப் படிக்கத் தெரிஞ்சா உங்களைக் கேப்பேனா? படிங்க. இல்லேன்னா இப்பவே கூட்டிட்டுப் போறேன்.

— 'டீச்சர், குமாசியில எனக்கு ஒரு தம்பி இருக்கான். இசாக்கா மாமா சந்தையில சொல்லிட்டிருந்தாரு. அம்மாவுக்குத் தெரியாது. தெரிஞ்சா தாங்க மாட்டாங்க. அதனாலதான் முன்பக்கம் கோடைன்னு எழுதினேன். நீங்களும் சொல்லிடாதீங்க.'

— அந்த நோட்டை இப்படிக் கொடுங்க.

— தல்லே அம்மா... எழுந்துட்டீங்க? ஏதாவது சொல்லிட்டுப் போங்க... நோட்டை விட்டுட்டுப் போறீங்களே... ஓ. முன்பக்கம் மேல தெரியற மாதிரி திருப்பி வெச்சிருக்கீங்க. சரி... நாளைக்கு அவ வந்ததும் நானே அவ கையில கொடுத்துடறேன்.