பம்ப் நின்ற அரை விநாடி

"அந்தப் பொண்ணுக்கு எத்தனை தடவைதான் சொல்றது, பாய்?" என்று வேதாந்தம் கேட்டபோது மெஹபூப் பாஷாவின் வாயில் ஆறு குண்டூசிகள் இருந்தன. வேதாந்தம் பதிலை எதிர்பார்க்கவும் இல்லை. பாதி தைத்த கோட்டை மாட்டிக்கொண்டு, கண்ணாடியைப் பார்த்தபடியே பேசிக்கொண்டு போனார்.

பாண்டி பஜாருக்குப் பின்னால் பாஷாவின் சின்னத் தையல் கடை. தொண்ணூற்றெட்டு ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை மத்தியானம். அடையாறில் ரத்தம் சுத்திகரிக்கும் மெஷின் தயாரிக்கிற கம்பெனி ஒன்றில் வேதாந்தம் தலைமை எஞ்சினியர். போன வாரம் பெங்களூர் டாக்டர்கள் முன்னால் ஓட்டிக் காட்டியபோது மெஷினின் பம்ப் அரை விநாடி நின்றுவிட்டது. அலாரம் அடித்தது. உள்ளே ஓடியது வெறும் உப்புத் தண்ணீர்தான், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் டாக்டர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. திங்கட்கிழமை பெங்களூருக்குப் போய் அவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டும். அதற்குத்தான் கோட்டு.

காரணம், அவருக்குக் கீழே ப்ரோக்ராம் எழுதுகிற சாருலதா. அப்படித்தான் அவர் அறிக்கை எழுதியிருந்தார். மூன்று பக்கத்தில் பதினோரு இடத்தில் அவள் பெயர். வியாழக்கிழமையோடு அவளை வேலைக்கு வர வேண்டாம் என்றும் சொல்லியாகிவிட்டது.

நடுவில் ரயில்வேயைத் திட்டினார், பெங்களூருக்கு சைடு பர்த்தான் கிடைத்ததாம். ஆபீஸ் காபியைத் திட்டினார். தோள்பட்டை இறுக்குகிறது என்றார், பாஷா தளர்த்தியதும் தொளதொள என்கிறது என்றார். பிறகு மறுபடியும் மெஷினுக்கு வந்தார்.

ஒரே கம்ப்யூட்டருக்குள்ளே ரெண்டு பேர் வேலை செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளச் சொன்னார். ஒருத்தன் பம்ப்பைப் பார்த்துக்கொள்கிறவன். விநாடிக்கு ஆயிரம் தடவை அழுத்தத்தை அளந்து ஒரு பலகையில் எழுதுவான், ஒரு முறைகூடத் தவறக் கூடாது. இன்னொருத்தன் அந்தப் பலகையைப் படித்துத் திரையில் படம் போடுகிறவன், அவன் கொஞ்சம் மெதுவாக வந்தாலும் குடி முழுகாது. பாதி எழுதியதை அவன் படித்துவிடக் கூடாதே என்று பலகைக்கு ஒரு பூட்டு. ஒருத்தன் பூட்டினால் மற்றவன் வெளியே நிற்க வேண்டும்.

"இவ எழுதின திரை ப்ரோக்ராம் என்ன பண்ணித்து தெரியுமோ? பூட்டிண்டு உள்ள போச்சு. அந்த நேரம் பாத்து கம்ப்யூட்டருக்கு வேற ஜோலி வந்துடுத்து, இதை அப்படியே நிறுத்தி வெச்சுடுத்து. பம்ப்காரன் வெளியில நிக்கறான். அரை விநாடி நிக்கறான், பாய்..."

பாஷா ஊசிகளை வாயிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு ஏதோ கேட்டார்.

"பூட்டா? யாரு போடச் சொன்னதுன்னா கேக்கறேள்?"

வேதாந்தம் கோட்டின் கையை இழுத்துவிட்டுக்கொண்டார். பூட்டு இல்லாமல் எப்படி, அதுதான் முறை, இருபது வருஷமாக அவர் அப்படித்தான் செய்து வருகிறார் என்றார். அந்தப் பெண் வேறு மாதிரி சொல்லத்தான் செய்தாள். எழுதுகிறவன் எழுதுமுன் ஒரு எண்ணை மாற்றட்டும், எழுதி முடித்ததும் இன்னொரு தடவை மாற்றட்டும். படிக்கிறவன் முன்னும் பின்னும் அந்த எண்ணைப் பார்க்கட்டும், நடுவில் மாறியிருந்தால் திரும்பப் படிக்கட்டும்.

"பூட்டே வேண்டாங்கறா. எழுதறவன் எதுக்காகவும் நிக்கக் கூடாது, காத்துண்டிருக்கறவன் படிக்கறவனா இருக்கட்டும்கறா. நான்தான் சின்னப் பொண்ணு பேச்சுன்னு..."

வேதாந்தம் கோட்டைக் கழற்றி பாஷாவிடம் கொடுத்துவிட்டு, போன் இருக்கிறதா என்று கேட்டார்.

கடையிலேயே போன் இருந்தது. அசோக் நகர் வீட்டில் சாருலதாதான் எடுத்தாள். வேதாந்தம் முதலில் சௌக்கியமா என்று கேட்டார். பிறகு, அந்தப் பூட்டைப் போடச் சொன்னது தான்தான் என்றார்.

"தெரியும் சார்," என்றாள் அவள். "எழுதிக் குடுப்பீங்களா?"

பாஷா அளவு எடுக்கிற நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து நீட்டினார். வேதாந்தம் நின்றபடியே எழுதினார். பூட்டு போடச் சொன்னது நான், சாருலதா வேண்டாமென்றாள். அதைப் போனில் வாசித்தும் காட்டினார்.

"எப்ப வேண்டாம்னு சொன்னேன்னு போடுங்க சார். மார்ச் பதினொண்ணு."

அவர் போட்டார்.