பழசை அதுவே அழித்துக்கொள்ளும்

சித்ரகலா, வயது 36, காலஞ்சென்ற டேனியலின் மனைவி, முதலிபாளையம் தொழிற்பேட்டைக்குப் பின்னால் உள்ள வரிசை வீடுகளில் கடைசி வீடு. மேற்படி டேனியல் வாகனம் மோதி இறந்த வழக்கில், கேமரா பதிவு சம்பந்தமாக மீண்டும் விசாரித்தபோது கொடுத்த வாக்குமூலம்:

நான் மேற்கண்ட விலாசத்தில் குடியிருந்து, வீட்டுக் கம்ப்யூட்டரில் எம்பிராய்டரி டிசைன் போட்டுக் கொடுக்கும் தொழில் செய்து வருகிறேன். பனியன் கம்பெனிக்காரர்கள் படம் அனுப்புவார்கள். எம்பிராய்டரி மெஷின் தைக்கிற விதமாக அதை மாற்றிக் கொடுத்தால், பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு போய் மெஷினில் சொருகுவார்கள். இந்தத் தொழிலில் டிசைன் சாஃப்ட்வேரைக் காசு கொடுத்து வாங்கியவர் ஒருவரையும் நான் பார்த்ததில்லை. எல்லாரும் போட்டிருப்பது பூட்டை உடைத்த திருட்டுக் காப்பி, கிராக்தான். ஆன்டி வைரஸ் இருந்தால் அது ஓடாது என்பதால் அதை நிறுத்தி வைத்திருப்போம். என் கம்ப்யூட்டரும் அப்படித்தான் இருந்தது. கேட்டதால் சொல்கிறேன்.

என் கணவர் பனியன் கம்பெனியில் அயர்ன் மாஸ்டராக இருந்தார். போன வருடம் வாசலில் நின்ற பைக்கில் யாரோ பெட்ரோல் திருடியதால், கேட்டுக்கு மேலே ஒரு கேமராவை மாட்டி, ஒயர் இழுத்து, என் கம்ப்யூட்டரிலேயே பதிவாகும்படி செய்தார். "எப்பப் பாத்தாலும் ரிசர்வுல ஓடற வண்டிக்கு ஒரு காவலாங்க?" என்று கிண்டல் செய்தேன். அதற்கு அவர், "சிரிக்காத கலா. டிஸ்க்குல எடம் தீந்தா பழசை அதுவே அழிச்சுக்கும், நீ ஒண்ணும் பாக்க வேண்டியதில்ல" என்று சொல்லி, அதற்கான டிக்கையும் போட்டு, நான் எதையாவது மாற்றிவிடுவேன் என்று அந்த செட்டிங்குக்குப் பாஸ்வேர்டும் வைத்தார்.

சம்பவத்தன்று காலை அவர் வேலைக்குக் கிளம்பிப் போன உடனே சத்தம் கேட்டு ஓடினேன். பைக் ரோட்டில் கிடந்தது. அவர் சாக்கடை ஓரம் கிடந்தார். தெருவில் எல்லாரும் ஷிப்டுக்குப் போய்விட்ட நேரம் என்பதால் பார்த்தவர்கள் யாரும் இல்லை. ஆம்புலன்ஸில் அவருக்கு நினைவு இருந்தது. என் கையைப் பிடித்து, "கேமராவுல விழுந்திருக்கும். அழுவாத" என்றார். அதன் பிறகு அவர் பேசவில்லை. ஆஸ்பத்திரியிலேயே இறந்துவிட்டார்.

அடக்கம் முடிந்த பிறகு பதிவைப் போட்டுப் பார்த்தேன். ஆள் ஏற்றும் வெள்ளை வேன் ஒன்று பின்னால் வந்து இடித்து, கொஞ்சம் தள்ளி நின்றது. டிரைவர் இறங்கி வந்து என் கணவரைக் குனிந்து பார்த்துவிட்டு, திரும்பிப் போய் ஏறி ஓட்டிச் சென்றுவிட்டார். வண்டி நம்பர் தெளிவாகத் தெரிந்தது. அந்த நம்பரை இங்கே ஸ்டேஷனில் வந்து கொடுத்தேன். அன்றைக்கு வேன் பட்டறையில் நின்றதாக அதன் உரிமையாளர் சொல்வதாகவும், ஆகவே பதிவு அவசியம் என்றும், அதை எடுக்க ஆள் வரும் என்றும் எனக்குச் சொல்லப்பட்டது. நானும் காத்திருந்தேன்.

அதன் பிறகு, எனக்கு வேலை கொடுத்துவரும் எம்பிராய்டரி யூனிட் கன்னையன் துக்கம் விசாரிக்க வந்தார். பதிவைப் பற்றிச் சொன்னேன். "அதைத் தொடாதீங்கக்கா. காப்பி கீப்பி எடுத்தீங்கன்னா வெட்டி ஒட்டுனதுன்னு கோர்ட்டுல சொல்லிப்போடுவாங்க" என்றார். எனக்கும் அது நியாயமாகப் பட்டது. போகும்போது, கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டே, அவசர சாம்பிள் ஒன்றுக்கு டிசைன் வேண்டும் என்று பென் டிரைவை நீட்டினார். எப்போதும் போல வாங்கிச் சொருகினேன். அவர் மேல் எனக்குச் சந்தேகம் இல்லை. அந்தப் பென் டிரைவ் என் வீட்டுக்கு வருவதற்கு முன் எத்தனையோ யூனிட் ஏறி இறங்கியது. நான் யார் பேரைச் சொல்வது?

மறுநாள் கம்ப்யூட்டரின் ஃபேன் இரைந்துகொண்டே இருந்தது. டிஸ்க்கில் பாதிக்கு மேல் காலியாக இருந்த இடம் தீர்ந்து, இடத்தின் அளவைக் காட்டும் பட்டை சிவப்பாகிவிட்டது. இடம் தீர்ந்தால் பழசை அழிக்கும் என்று அவர் சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அந்த டிக்கை எடுக்கப் போனேன். பாஸ்வேர்ட் கேட்டது. என் பேர், அவர் பேர், கல்யாண நாள், பைக் நம்பர் எல்லாம் போட்டும் திறக்கவில்லை.

அதன் பிறகு இடம் உண்டாக்க, முதலில் சினிமாப் படங்களை அழித்தேன். பட்டை நீலமானது. டீ போட்டு எடுத்து வருவதற்குள் திரும்பவும் சிவப்பாகிவிட்டது. அதன் பிறகு என் டிசைன்களை அழிக்க ஆரம்பித்தேன். பிள்ளைகள் சட்டைக்குப் போட்ட கரடி, யானை, அன்னம், நைட்டிக்குப் போட்ட பூ வகைகள், கல்யாணத்துக்கு முன்னால் இருந்து நான் போட்டு வைத்த அத்தனையும் போய்விட்டது. நான் காலி செய்யச் செய்ய ஏதோ ஒன்று வந்து உட்கார்ந்துகொண்டே இருந்தது. இனி எதற்கு டிசைன், அந்த ஒன்று மட்டும் தங்கட்டும் என்று நினைத்தேன். கோர்ட்டாவது மண்ணாவது என்று காப்பியும் போட்டுப் பார்த்தேன். பென் டிரைவில் ஷார்ட்கட்தான் விழுந்தது, வீடியோ ஏறவில்லை. கம்ப்யூட்டரை நிறுத்தியிருக்கலாமே என்று இப்போது கேட்கிறீர்கள். நிறுத்தினால் மறுபடி ஆன் ஆகாதோ என்று பயந்தேன். முதல் நாளே போனில் படம் பிடித்திருக்கலாமே என்றும் கேட்கிறீர்கள். அந்த ஆள் குனிந்து பார்த்துவிட்டுப் போவதை இரண்டாம் தடவை பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

அதன் பிறகு கம்ப்யூட்டர் சர்வீஸ் இளங்குமரனை வரவழைத்தேன். அவர் மறைந்திருந்த ஒரு ஃபோல்டரைத் திறந்து காட்டினார். ஒரே பெயரில் ஆயிரக்கணக்கான ஃபைல்கள் இருந்தன. வைரஸ் தன்னையே காப்பி போட்டுப் போட்டு டிஸ்க்கை நிறைத்துவிட்டது என்றார். கேமராப் பதிவில் முந்தின நாளுக்கு முன்னால் எதுவும் இல்லை. டிஸ்க்கைக் கழற்றிக் கடைக்கு எடுத்துப் போய்த் தேடிவிட்டு, "அழிஞ்சதுக்கு மேல வைரஸ் எழுதியிருச்சுங்கக்கா. எல்லாம் துண்டு துண்டாத்தான் வருது, ஒண்ணும் ஓடமாட்டீங்குது" என்றார். சம்பவத்தன்று காலைப் பதிவில் ஆரம்பத்துச் சில விநாடிகள் மட்டும் ஓடின. அதை ஒரு புதுப் பென் டிரைவில் போட்டுக் கொடுத்தார். மற்றதை எல்லாம் ஃபார்மேட் செய்துவிட்டார்.

அந்தப் பென் டிரைவை இன்று இங்கே ஆஜர்படுத்தினேன். அதில் என் கணவர் பைக்கை வெளியே தள்ளிக்கொண்டு வந்து, கேட்டைச் சாத்தி, தாழ்ப்பாள் விழுந்ததா என்று ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, பைக்கில் ஏறி உட்காருகிறார். ஹெல்மெட்டின் வாரை மாட்டுகிறார். அத்துடன் நின்றுவிடுகிறது. வேன் வருகிறதா என்று கேட்டதற்கு, வரவில்லை என்று சொன்னேன். ஆளாவது தெரிகிறாரா என்று கேட்டதற்கு, என் கணவர் தெரிகிறார் என்று சொன்னேன். வழக்குக்கு இது உதவாது என்று சொல்லப்பட்டதால் பென் டிரைவைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன்.

வேறு சாட்சியோ பதிவோ என்னிடம் கிடையாது. கேமரா இப்போதும் ஓடுகிறது. கம்ப்யூட்டரில் நிறைய இடம் இருக்கிறது.

இவ்வளவும் நான் சொல்லி எழுதப்பட்டது. வாசிக்கக் கேட்டேன். நான் பார்த்ததும் எனக்கு நடந்ததும் இவைதான், கூட்டியோ குறைத்தோ சொல்லவில்லை.

(ஒப்பம்)
த. சித்ரகலா