ஆடும் படகில் காபி

அறுபதுகளில் ஒரு நாள் ஸ்ரீரங்கத்திலிருந்து மலைக்கோட்டைக்குப் போகும் டவுன் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இரண்டு குமாஸ்தாக்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் மடியில் கூஜா. மற்றவர் கையில் பென்சிலும் ஒரு லிஸ்ட்டும்.

"ஆடுற படகுல அண்ணாந்து காபி குடிக்க முடியுமா சார்?" என்று கேட்டார் கூஜாக்காரர்.

"எதுக்கு அண்ணாந்து குடிக்கணும்?"

"மேனேஜருக்கு மாற்றல்னு பிரிவு உபசாரத்துக்குத்தானே முக்கொம்புல படகு பேசியிருக்கோம். அவர்தான் டம்ளர்ல வாய் வெக்க மாட்டாரே. எச்சில்னு சொல்வாரு."

"அவருக்குன்னு தனியா ஒரு டம்ளர் வெச்சிடுவோம்."

"அவங்க வீட்டு டம்ளர்லயே அண்ணாந்துதாங்க குடிப்பாரு. தீபாவளிக்குப் போனப்ப பாத்தேன்."

"இத்தனை வருஷமா ஆபீஸ்ல குடிக்கிறாரு, ஒரு சொட்டு சிந்தினதில்லையே."

"ஆபீஸ் ஆடாது சார்."

பென்சில்காரர் லிஸ்ட்டைப் பார்த்தார். "புளியோதரை, வடை எல்லாம் எழுதியாச்சு. காபி இல்லேன்னா அந்த மனுஷன் முகத்தைப் பாக்க முடியாதுங்க. பழகினவருக்கு ஒண்ணும் ஆகாது. நானே குடிச்சுக் காட்டறேன், கூஜாவைக் குடுங்க."

கூஜாவில் இருந்தது தண்ணீர்தான். அதன் மூடியாக இருந்த டம்ளரில் ஊற்றி, உயரத் தூக்கி, வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. மூக்கு, கண்ணாடி, சட்டை, லிஸ்ட் எல்லாம் நனைந்துவிட்டன.

"இது பச்சைத் தண்ணி," என்றார் கூஜாக்காரர். "காபி சுடும்."

மற்றவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஈர லிஸ்ட்டை முழங்காலில் விரித்து, காபிக்குப் பக்கத்தில் 'துண்டு ரெண்டு' என்று எழுதினார்.