சண்டைக்கு எடுத்த புத்தகங்கள்

டூட்டிங்கிலிருந்து விம்பிள்டன் போகும் பஸ்ஸில் எனக்கு முன்னால் இரண்டு சகோதரிகள் இருந்தார்கள். தங்கை திடீரென்று சொன்னாள்:

“இயேசுவைப் பின்பற்றின முதல் ஆக்களில கொஞ்சப் பேர் யூத முறைப்படிதான் இருந்தவையாம், அக்கா. பன்றி இறைச்சி தொடமாட்டினமாம். விருத்தசேதனம் எண்ட சுன்னத்தும் செய்தவையாம்.”

“ஆர் சொன்னது?”

“என்ர மனுசன்தான். மகள் முஸ்லிம் பெடியனைக் கட்டப்போறன் எண்ட நாளிலயிருந்து அவளோட கதைக்கேல்லை எல்லே? பெடியனை வாதத்தில மடக்க வேணும் எண்டு லைப்ரரியில புத்தகம் புத்தகமா எடுத்து வாசிச்சவர்.”

“பிறகு?”

“வாசிக்க வாசிக்க ஆளின்ர சத்தம் குறைஞ்சிட்டுது. கிறிஸ்தவர்கள்தான் முஸ்லிம்களுக்கு அன்பில ஆகக் கிட்டின ஆக்கள் எண்டு குர்ஆனில ஒரு இடத்தில வருதாம். வேற இடத்தில எங்களோட வாதாடுதாம். ரெண்டையும் எழுதி வச்சுக்கொண்டு, நேற்று பெடியனுக்குத் தானே போன் எடுத்தார்.”

“சண்டையோ?”

“இல்லை, ஒரு மணித்தியாலம் கதைச்சவை. பிறகு மகளிட்ட வந்து, ‘நாளைக்குப் பூசை முடிய அவனைச் சாப்பிட வரச் சொல்லு’ எண்டார். ஆறு மாதத்துக்குப் பிறகு இப்பதான் அவளோட வாய் திறந்தவர்.”

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு மணியை அழுத்தினாள்.

“எழும்பு, இதில இறங்குவம். ஹலால் இறைச்சிக்கடை இங்கதான் இருக்கு.”